எலிவால் சடைக்கு ஒரு வழிகாட்டி

சடையின் நுனியில் போடும் ரப்பர் பேண்டை எத்தனை சுற்றுச் சுற்றுகிறீர்கள் என்று நாளைக் காலையில் எண்ணிப் பாருங்கள். கல்லூரி நாட்களில் எனக்கு இரண்டு சுற்றுப் போதும். மூன்றாவதுக்கு இழுத்தால் அறுந்துவிடும். நாற்பத்திரண்டு வயதில் ஒருநாள், அதே அளவு பேண்ட் நான்கு சுற்றுக்குப் பிறகும் நழுவிக் கீழே விழுந்தது. தினமும் கண்ணாடி பார்த்தும் கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரிந்துவிட்டது.

அதன் பிறகு ஓராண்டு நான் செய்தவற்றில் பாதி வீண், பாதி கேடு. வெங்காயச் சாறு தேய்த்து வீடே நாறியது. விளக்கெண்ணெயைத் தடவிவிட்டு, அந்தப் பிசுக்கை எடுக்கத் தேய்த்த தேய்ப்பில் முடி கொத்தாகக் கையோடு வந்தது. பார்க்கிறவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு எண்ணெயைச் சொன்னார்கள். “எதனால் உதிர்கிறது என்று பார்த்தாயா?” என்று ஒருவரும் கேட்கவில்லை. முடியை வளர வைப்பது ஒரு வேலை. இருக்கிற முடி அறுந்துபோகாமல் காப்பது வேறு வேலை. அதையே கூடுதலாகத் தெரியும்படி வாரிக்கொள்வது இன்னொன்று. முதல் வேலையையும் எண்ணெயும் ஷாம்பூவுமே செய்துவிடும் என்று நம்புவதில்தான் நம் காசு கரைகிறது.

சீப்பில் வந்த முடியைப் பாருங்கள்

முதலில், மெல்லிய முடி வேறு, அடர்த்தி குறைந்த முடி வேறு. ஒற்றை முடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டுங்கள். விரலுக்கு எதுவுமே தட்டுப்படவில்லை என்றால் உங்கள் முடி மெல்லியது. அம்மாவுக்கும் பாட்டிக்கும் அப்படியே இருந்திருந்தால் அது பிறவி அமைப்பு. அதில் நோய் ஒன்றும் இல்லை. அப்படிப்பட்டவர்கள் நேராகக் கீழே ‘தலைக்குக் குளிக்கும் நாள்’ என்ற பகுதிக்குப் போய்விடலாம். முன்பு அடர்த்தியாக இருந்து இப்போது குறைந்திருப்பவர்கள்தான் காரணம் தேட வேண்டியவர்கள்.

தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள் இருக்கின்றன. நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு. வாரம் ஒருமுறை மட்டும் தலைக்குக் குளிப்பவர்களுக்கு, ஆறு நாள் உதிர்ந்து சடைக்குள்ளேயே சிக்கிக் கிடந்த முடியும் அன்று சேர்ந்து வரும். குளியலறை ஓட்டையை அடைத்து நிற்கும் அந்த உருண்டையைப் பார்த்துப் பயந்து, “தலைக்குக் குளித்தால் கொட்டுகிறது” என்று இன்னும் தள்ளிப்போடுவார்கள். அடுத்த முறை உருண்டை இன்னும் பெரிதாக இருக்கும்.

எண்ணிக்கையைவிட முடியின் முனைதான் கூடுதலாகச் சொல்லும். சீப்பில் வந்த ஐந்தாறு முடிகளை ஒரு கறுப்புத் துணியின் மேல் வைத்து, வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு முனையில் வெள்ளையாகக் கடுகில் பாதிகூட இல்லாத ஒரு குமிழ் தெரிந்தால், அது தன் காலம் முடிந்து வேரிலிருந்து விழுந்த முடி. குமிழ் இல்லாமல் மூன்று அங்குலம், நான்கு அங்குலம் என்று துண்டு துண்டாக இருந்தால் அது நடுவில் அறுந்தது. அறுந்ததற்குக் காரணம் பெரும்பாலும் நம் கைதான்: சீப்பு, துண்டு, சூடு, இறுக்கம். அதை இந்த வாரமே குறைக்கலாம். வேரிலிருந்து விழுவது கூடுதலாக இருந்தால் காரணம் உடம்புக்குள் இருக்கலாம்.

மூன்று மாதம் பின்னால் போங்கள்

ஒரு முடி சில ஆண்டுகள் வளரும். பிறகு வளர்ச்சி நின்று, சுமார் மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டு விழும். கடுமையான காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, பட்டினி கிடந்து எடை குறைப்பது போன்ற அதிர்ச்சிகளில், வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் கணிசமான பகுதி ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடுகிறது. அவை விழுவது இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான். ஆகவே இன்று கொட்டும் முடிக்கான காரணத்தை நேற்று மாற்றிய ஷாம்பூவில் தேடாமல், மூன்று மாதத்துக்கு முந்தைய காலண்டரில் தேடுங்கள். டெங்குவோ சிக்குன்குனியாவோ வந்து போயிருக்கும். கைக்குழந்தைக்கு நான்காவது மாதம் நடந்துகொண்டிருக்கும். இந்த வகை உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாகவே அடங்கும். அந்தச் சமயத்தில் எந்த எண்ணெயைத் தேய்த்திருந்தாலும் அதற்கே பெயர் கிடைத்துவிடும்.

இன்னொரு வகை ஓசையில்லாமல் வருவது. நெற்றி ஓரம் அப்படியே இருக்கும். வகிடு மட்டும் அகன்றுகொண்டே போகும். முடிகள் விழுவதோடு, புதிதாக முளைப்பவை ஒவ்வொரு சுற்றிலும் முன்பைவிட மெலிந்து வரும். பெண்களுக்கு வரும் பரம்பரை வழுக்கை இதுதான். இது தானாக நிற்காது. சீக்கிரம் மருத்துவரைப் பார்த்தவர்களுக்குத்தான் பலன் கூடுதல். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி: மாதம் ஒருமுறை, அதே இடத்தில், அதே வெளிச்சத்தில், எண்ணெய் இல்லாத தலையின் நடு வகிட்டை யாரையாவது போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். தினம் தினம் கண்ணாடியில் பார்ப்பதைவிட மூன்று போட்டோக்களை அருகருகே வைத்துப் பார்ப்பது நிம்மதி.

நாணயம் போல வட்டமாக ஓரிடத்தில் மட்டும் முடி போயிருந்தால் அது பெரும்பாலும் புழுவெட்டு. பெயரில் இருக்கும் புழு தலையில் இல்லை. உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் முடி வேரையே தாக்குவதால் வருவது. அதற்கும், அரிப்பு, செதில், எரிச்சலோடு வரும் உதிர்வுக்கும் வீட்டு வைத்தியம் பார்த்து நாளைக் கடத்த வேண்டாம்.

தோல் மருத்துவர் பெரும்பாலும் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டு ஆகியவற்றைப் பார்க்கச் சொல்வார். ஃபெரிட்டின் என்பது உடலில் சேமித்து வைத்திருக்கும் இரும்புச் சத்தின் அளவைக் காட்டுவது. ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே அது குறைந்திருக்கலாம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 சதவீதத்துக்கும் மேலானோருக்கு ரத்தசோகை. பாதிப் பேருக்கு ரத்தம் குறைவாக இருக்கும் ஊரில், நாம் தலைக்குத் தேய்ப்பதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். மாதவிலக்கு தப்பித் தப்பி வந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பயோட்டின் மாத்திரை பற்றி ஒன்றே ஒன்று. அந்தச் சத்துக் குறைபாடு அரிது; குறைபாடு இல்லாதவருக்கு அந்த மாத்திரை முடி வளர்க்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. ஆனால் தைராய்டு பரிசோதனை முடிவை அது புரட்டிவிடக்கூடும். சாப்பிடுகிறவர்கள் ரத்தம் கொடுக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

பரம்பரை வகைக்கு மருத்துவர் மினாக்சிடில் எழுதிக் கொடுக்கலாம். முதலில் ரத்த அழுத்த மாத்திரையாக இருந்த மருந்து. அதைச் சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி முளைத்ததைக் கண்டு தலைக்குத் தடவும் மருந்தாக்கினார்கள். தொடங்கிய சில வாரங்களில் உதிர்வு கூடலாம். பழைய முடிகள் இடம் விடுவதால் வருவது அது. இந்த இடத்தில்தான் பாதிப் பேர் பயந்து பாட்டிலைத் தூக்கிப் போடுகிறார்கள். பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் ஆகும், நிறுத்தினால் வந்தது போய்விடும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தொடக் கூடாது. கன்னத்தில் வழிந்தால் அங்கும் பூனைமுடி வளரும். நிஜப் பூனை வீட்டில் இருந்தால் இன்னும் கவனம் தேவை: இந்த மருந்து பூனைக்கு நஞ்சு. தடவிய கையைக் கழுவிவிட்டுத்தான் அதைத் தொட வேண்டும். மருந்து பட்ட தலையணையில் அதைப் படுக்க விடவும் கூடாது.

தலைக்குக் குளிக்கும் நாள்

எண்ணெயை நான் கைவிடவில்லை, அதன் வேலையை மாற்றிவிட்டேன். தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் கொஞ்சம் இறங்கும். அதனால் தண்ணீரில் முடி ஊறி உப்புவதும் அதிலிருந்து புரதம் கரைந்து போவதும் குறைகின்றன. 2003-ல் வெளியான ஓர் இந்திய ஆய்வு தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு, முதலாவதற்கு மட்டுமே இந்தக் குணம் உண்டு என்று கண்டது. அந்த ஆய்வைச் செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம். அதில் காட்டியதும் முடியின் காப்புதானே தவிர வளர்ச்சி இல்லை.

மெல்லிய முடிக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஏராளம். குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு, உள்ளங்கையில் பரப்பிக்கொண்டு, காதுக்குக் கீழே உள்ள நீளத்தில் தடவுங்கள். உச்சியில் ஊற்றித் தேய்க்க வேண்டாம். பொடுகு உள்ளவர்கள் உச்சந்தலையில் எண்ணெயை ஊற வைக்கவே கூடாது. பொடுகை உண்டாக்கும் பூஞ்சைக்கு அது விருந்து. குளித்த பிறகு தினமும் எண்ணெய் வைத்து வழித்து வாரும் பழக்கத்தை விடுவது கடினம், தெரியும். ஆனால் எண்ணெய் பட்ட மெல்லிய முடிகள் நான்கைந்தாக ஒட்டிக்கொள்ளும். நடுவில் மண்டை தெரியும். இருக்கிற முடியையும் பாதியாகக் காட்டுவது அதுதான்.

மெல்லிய முடி சீக்கிரம் பிசுபிசுத்துப் படுத்துவிடும் என்பதால் வாரம் இரண்டு மூன்று முறை குளிக்கலாம். ஒரு ரூபாய் நாணயம் அளவு ஷாம்பூவை அரைக் குவளைத் தண்ணீரில் கலக்கி, தலைத்தோலில் மட்டும் ஊற்றி, விரல் நுனியால் தேயுங்கள். நகம் படக் கூடாது. முடியின் நீளத்துக்கு, வழிந்து இறங்கும் நுரையே போதும். முடியைத் துணி போல இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துக் கசக்குவதுதான் சிக்கு விழக் காரணம். கண்டிஷனர் காதுக்குக் கீழே மட்டும். இரண்டு நிமிடம் வைத்து அலசிவிடுங்கள்.

சீயக்காய் பிடித்தவர்கள் அதையே தொடரலாம். ஆனால் மில்லில் அரைத்த பொடியை அப்படியே போட்டுத் தேய்த்தால் மெல்லிய முடிக்கு அது உப்புத்தாள் போலத்தான். வடித்த கஞ்சியில் இரவே கரைத்து வைத்து, காலையில் மெல்லிய துணியில் வடிகட்டி, அந்த நீரை மட்டும் பயன்படுத்துங்கள். கொங்குப் பக்கத்து அரப்புக்கும் இதே வழிதான். செம்பருத்தி இலையின் வழுவழுப்பும் வெந்தயம் ஊறிய நீரும் கண்டிஷனர் வேலையை அழகாகச் செய்யும். அவற்றால் முடி வளராது, ஆனால் சிக்கு விழாது. அரைத்த வெந்தயத்தைப் பூசாதீர்கள். அதன் தோலைப் பொறுக்கி எடுப்பதற்குள் வெந்தயத்தைவிட முடிதான் அதிகம் கையில் வரும்.

போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி இரண்டு குவளைக்கு மட்டும் குடிநீரையோ பிடித்து வைத்த மழைநீரையோ ஊற்றுங்கள். முழுக் குளியலுக்கும் கேன் தண்ணீர் வாங்குவது வீண் ஆடம்பரம்.

ஈரம்

எங்கள் வீட்டில் தலைக்குக் குளித்த பெண்கள் கொல்லைப்புறத்தில் குனிந்து நின்று, முடியை முன்னால் தொங்கவிட்டு, முறுக்கிய ஈரிழைத் துண்டால் சட் சட்டென்று அடிப்பார்கள். தூசி பறப்பது போல நீர்த்துளி பறக்கும். வெயிலில் பார்க்க அழகு. ஆனால் ஈர முடி, காய்ந்த முடியைவிட அதிகமாக இழுபடும், சீக்கிரம் அறும். அந்த ஒவ்வோர் அடிக்கும் பத்து முடி துண்டாகியிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

பழைய பருத்தி வேட்டித் துணியோ பனியனோ எடுத்துக்கொள்ளுங்கள். முடியை அதில் பொதிந்து, மேலிருந்து கீழாக அழுத்தி அழுத்தி ஒற்றி எடுங்கள். தேய்க்கவும் முறுக்கவும் வேண்டாம். பிறகு தலையை முன்புறம் கவிழ்த்துக்கொண்டு மின்விசிறிக்குக் கீழே உட்காருங்கள். வேர் எந்தத் திசையில் காய்கிறதோ அந்தத் திசையிலேயே நிற்கும். கவிழ்ந்த நிலையில் காய்ந்த தலையை நிமிர்த்தினால் உச்சியில் அரை அங்குலமாவது எழும்பி நிற்கும். செலவே இல்லாத அலங்காரம் இது. ஹேர் டிரையர் வைத்திருந்தால் 15 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல், குறைந்த சூட்டில் காட்டலாம். ஆபீஸ் அவசரத்தில் ஈரத்தோடு கொண்டை போட்டு ஓடுவதைவிட அது மேல். சாம்பிராணிப் புகை வாசனைக்கு மட்டும்.

முக்கால்வாசி காய்ந்த பிறகு அகலப் பல் சீப்பை எடுங்கள். நுனியிலிருந்து நான்கு அங்குலம் முதலில். அது சிக்கில்லாமல் ஆன பிறகு அதற்கு மேலே நான்கு அங்குலம். சிக்குக்கு மேல் முடியை இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டால் இழுப்பு வேர் வரை போகாது. பேன்சீப்பு பேனுக்கு மட்டும்.

கத்தரிக்கோலும் வகிடும்

நுனி வெட்டினால் முடி வளரும் என்பது பொய். வளர்வது வேரில், மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். மொட்டை அடித்தால் அடர்த்தியாக வரும் என்பதும் அப்படித்தான். புது முடியின் வெட்டுப்பட்ட முனை தடிமனாகத் தெரிகிறது, அவ்வளவே. பழனிக்கும் திருப்பதிக்கும் காணிக்கையாகக் கொடுங்கள், வைத்தியமாக வேண்டாம்.

ஆனால் வெட்டினால் அடர்த்தியாகத் தெரியும் என்பது மெய். இடுப்பு வரை நீண்ட எலிவாலை, “நீளமாவது இருக்கட்டும்” என்று நான் எட்டு ஆண்டு வைத்திருந்தேன். தோளுக்குச் சற்றுக் கீழே வெட்டிய அன்று, “முடி அடர்த்தியாகிவிட்டதே, என்ன எண்ணெய்?” என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். பார்லரில் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: ஒரே மட்டமாக வெட்டுங்கள், லேயர் வேண்டாம், பல்லுள்ள கத்தரிக்கோல் வேண்டாம். ஸ்ட்ரெய்ட்டனிங், கெரட்டின் என்று ஆசை காட்டுவார்கள். இரண்டும் முடியைப் படிய வைப்பவை. நமக்கு வேண்டியது நேர் எதிர்.

பள்ளிக்கூட நாளில் அம்மா எடுத்த அதே கோட்டில்தான் நம்மில் பலர் இன்றும் வகிடு எடுக்கிறோம். நாற்பது ஆண்டு ஒரே பாதையில் நடந்தால் புல் முளைக்குமா? ஈரமாக இருக்கும்போதே வகிட்டை ஒரு விரல் கடை தள்ளி எடுங்கள். சில நாள் முடி பழைய பக்கமே சாயும், பிறகு பழகிவிடும். வால்சீப்பின் நுனியால் நேர்கோட்டுக்குப் பதிலாக வளைந்து நெளிந்த கோடு போட்டால் மண்டையின் வெள்ளை இன்னும் மறையும். வகிட்டில் குங்குமம் வைப்பவர்கள் தொடக்கத்தில் ஒரு புள்ளியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நீள இழுத்தால் மறைக்க நினைத்த கோட்டுக்கே சிவப்பு மை தீட்டியதாகும்.

சடை பின்னும்போது பிடரியில் இறுக்காமல் தொடங்குங்கள். முழுவதும் பின்னி, நுனியைத் துணி சுற்றிய பேண்டால் கட்டிய பிறகு, கீழிருந்து மேலாக ஒவ்வொரு பின்னலின் ஓரத்தையும் இரண்டு விரலால் மெல்ல வெளியே இழுத்துவிடுங்கள். அரை விரல் தடிமன் சடை ஒரு விரலுக்கு மேல் ஆகும். பரதநாட்டியம் ஆடும் பெண்களும் தினமும் இறுக்கக் கட்டும் வேலையில் இருப்பவர்களும் நெற்றிப் பொட்டு ஓரங்களைக் கவனியுங்கள். அங்கே முடி விலகத் தொடங்கினால் அது இழுப்பினால் வந்தது. ஆரம்பத்தில் தளர்த்தினால் திரும்பும். ஆண்டுக்கணக்கில் விட்டால் வேர் செத்துவிடும்.

பூவுக்கு யாரும் தடை சொல்லவில்லை. ஈரம் சொட்டும் நான்கு முழத்தை வேரோடு ஒட்டிய ஒரு சிறு கற்றையில் ஊசி குத்தித் தொங்கவிடுவதுதான் தவறு. சடையின் முதல் பின்னலுக்குக் கீழே ஊசியைக் கொடுத்தால் பாரம் மொத்தச் சடைக்கும் பங்காகும். சவுரியையும் அப்படியே, பிடரியில் கட்டாமல், பாதிச் சடையில் சேர்த்துப் பின்னுங்கள். விசேஷம் முடிந்ததும் கழற்றிவிடுங்கள், அதோடு தூங்க வேண்டாம்.

சாயம் பூசுவோருக்கு ஒரு வார்த்தை. “கருப்பு மருதாணி” என்று விற்கும் பொடிகள் பலவற்றில் மருதாணியைவிட பிபிடி என்ற ரசாயனம்தான் வேலை செய்கிறது. சிலருக்கு முகமே வீங்கும் அளவு ஒவ்வாமை வரும். காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து 48 மணி நேரம் பொறுத்துப் பாருங்கள், ஒவ்வொரு முறையும். அடர் கறுப்பைவிடச் சற்று வெளிறிய பழுப்பு நிறத்தில் மண்டைத் தோல் குறைவாகத் தெரியும்.

இவ்வளவுக்குப் பிறகும் உச்சியில் வெளிச்சம் படும் இடம் தெரிந்தால், முடி நிறத்தில் கிடைக்கும் ஹேர் ஃபைபர் பொடியைத் தூவலாம். கெரட்டின் என்ற முடிப் புரதத்தின் துகள்கள் அவை; இருக்கிற முடியில் ஒட்டிக்கொண்டு அதைத் தடிமனாகக் காட்டும். முடியே இல்லாத இடத்தில் நிற்காது. எண்ணெய் இல்லாத, நன்றாகக் காய்ந்த தலையில், வகிட்டின் இரண்டு பக்கமும் உப்புத் தூவுவது போலத் தூவி, விரலால் லேசாகத் தட்டிவிடுங்கள். புடவை கட்டும் முன்பே இதை முடித்துவிடுவது நல்லது. வெளிர் நிறப் பட்டைக் கட்டிக்கொண்டு, தோளில் துண்டும் போடாமல் தூவியவள் சொல்கிறேன்.